பட்டாளத்துக்குப் போகவும் ஒரு வீடு வேண்டும்

வீடு இல்லாதவர்களுக்குக் காவல் இருப்பதுபோல் ஒரு வேலை உலகத்தில் கிடையாது. திருட வருகிறவனுக்கு எடுத்துப்போக ஒன்றும் இல்லை, ஆனாலும் சாவிக்கொத்து மட்டும் கால் கிலோ இருக்கும்.

இடுப்பில் சாவிக்கொத்துத் தொங்குகிற எல்லோருக்கும் இது தெரியும். பள்ளிக்கூட வாட்ச்மேன், லாட்ஜ் மேனேஜர், ஆஸ்டல் வார்டன் என்று யாராக இருந்தாலும் சரி, நீங்களும் நானும் ஒரே சாதி. திறந்தால் ஏன் திறந்தாய் என்பார்கள், பூட்டினால் ஏன் பூட்டினாய் என்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாமக்கல்லில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற ஆண்கள் தங்கும் விடுதியில் ஆறு வருஷமாகக் காவலாளி, சமையல்காரன், பஞ்சாயத்துக்காரன் எல்லாம் நானே. இருபது பேர் தங்குகிறார்கள். கோழிப் பண்ணைக்காரர்கள் கீறல் விழுந்த முட்டையைத் தினமும் தட்டுத் தட்டாக அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் விடுதியில் வீடு இல்லாதவன் உண்டு, முட்டை இல்லாதவன் கிடையாது.

இங்கே நடந்ததில் சிலதைச் சொல்கிறேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. நல்லது மறந்துவிடும், இது மறக்காது.

ஒரே மருந்து

ஒரு நாள் டிரஸ்டுக்காரர்கள் ஆலோசகர் என்று ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். முறுக்கு மீசை, பளபளக்கிற ஷூ. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் நல்லுசாமி. எனக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. என் ஊர்க்காரன். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே வீதியில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவனோடு நான் பேசி நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. எதனால் என்று அடுத்துச் சொல்கிறேன்.

இருபது பேரையும் வரிசையாக நிற்கச் சொன்னான். "உங்களுக்கெல்லாம் ஒரே மருந்து பட்டாளந்தான். சோறு, துணி, கட்டிலு, மருவாதி நாலும் அங்க கெடைக்கும். ரோட்ல கெடக்கறவன் அத்தன பேரையும் அங்க அனுப்பிட்டா நாட்ல இந்தப் பிரச்சினையே இருக்காது" என்றான். டிரஸ்டுக்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். முதல் ஆளுக்கு ஒரு கால் குட்டை. இரண்டாவது ஆளுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. மூன்றாவது ஆள் இருமி முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தான். கடைசியில் நின்ற மாரப்பனுக்கு எழுபது வயது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "செரிங்க சாமி, போறனுங்க. இதயே ஒரு அம்பது வருசத்துக்கு முந்தி வந்து சொல்லியிருக்கப்படாதுங்களா?"

ஒரு சீப்புப் பழம்

எனக்குப் பத்தொன்பது வயதில் சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். நானும் நல்லுசாமியும் சேர்ந்துதான் பஸ் ஏறினோம். இரண்டு பேருமே ஒல்லி. எடை பத்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மைதானத்துக்கு வெளியே வாழைப்பழ வண்டிகள் வரிசையாக நிற்கும். பையன்கள் ஆளுக்கு ஒரு சீப்பு வாங்கி உரித்து விழுங்குவார்கள், மேலே ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார்கள். நானும் வாங்கப் போனேன். நல்லுசாமி என் கையைப் பிடித்து நிறுத்தினான். "தின்னுட்டு ஓடுனா வாந்தி வரும்டா, வேண்டாம்" என்றான். நண்பன் சொல்கிறானே என்று விட்டுவிட்டேன்.

ஓட்டத்தில் அவனுக்கு முன்னால் வந்தேன். எடை போடுகிற இடத்தில் அரைக் கிலோ குறைந்தது. எனக்கு அடுத்து ஏறிய நல்லுசாமிக்கு முள் சரியாக நின்றது. எப்படி என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தால், அவன் பையை வைத்திருந்த மரத்தடியில் பழத்தோல் குவிந்து கிடந்தது. அவன் வடக்கே ரயில் ஏறினான், நான் வயலுக்குப் போனேன். அன்றைக்கு எடை பார்த்த தமிழ்க்காரர் என் தோளைத் தட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன் தம்பி, ரெண்டு பழம் தின்னுட்டு வந்திருக்கக் கூடாதா?"

சதுரப் போர்வை

நல்லுசாமி வாரம் மூன்று நாள் காலையில் வர ஆரம்பித்தான். முதல் சட்டம், போர்வையைச் சதுரமாக மடிக்க வேண்டும். ஓரம் ஓரத்தோடு பொருந்த வேண்டும். அளந்து பார்க்க ஒரு ஸ்கேல் வேறு கொண்டுவந்தான். பிறகு இந்தியில் கட்டளை போடுவான். ஒருத்தருக்கும் புரியாது. வலது பக்கம் திரும்பச் சொன்னால் பாதிப் பேர் இடது பக்கம் திரும்பி முகத்தோடு முகம் முட்டிக்கொள்வார்கள்.

ராசு ஒருத்தனுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில், போர்வெல் போடுகிற வேலையில் இருபத்தைந்து வருஷம் இருந்தவன். அந்த வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. வண்டிக்கு அடியிலேயே படுத்து, வண்டிக்குப் பக்கத்திலேயே பொங்கித் தின்று, முதுகு போன பிறகு இங்கே வந்து சேர்ந்தான். நல்லுசாமி ஒரு கட்டளை போட்டால், ராசு இந்தியிலேயே இரண்டு வாக்கியம் பதில் சொல்வான். அதில் ஒன்று கட்டாயம் கெட்ட வார்த்தை. ஒரு நாள் நல்லுசாமி பொறுக்காமல், "நாங்க பனியிலயும் மணல்லயும் நின்னு நாட்டக் காத்தோம், தெரியுமா?" என்று சத்தம் போட்டான். ராசு போர்வையை மடித்துக்கொண்டே சொன்னான்: "தெரியாம என்னங்க, நீங்க காவல் காத்த ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தது நாங்கதானுங்களே. ஆனா எங்களுக்கு யாரும் மீச வெக்கச் சொல்லலீங்க."

பூட்டுகிற பெட்டி

இருபது பேரில் பட்டாளத்துக்கு ஆகிற வயதில் ஒரே ஒருவன்தான் இருந்தான். பூபதி, வயது இருபது. குமாரபாளையத்தில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருந்தவன். அம்மா தறி ஓட்டி அவனைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். அவள் இறந்த பிறகு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இங்கே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் வெல்டருக்குக் கையாளாக இருக்கிறான். நல்லுசாமி வருவதற்கு முன்பே அவன் சத்தமில்லாமல் பட்டாளத்துக்கு எழுதிப் போட்டு, கம்ப்யூட்டர் பரீட்சையும் பாஸ் பண்ணி வைத்திருந்தான். அடுத்த மாதம் மைதானத்தில் ஓட வேண்டும். நல்லுசாமி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், அவனே பெற்றதுபோல.

எதற்காகப் போகிறாய் என்று நான் தனியாகக் கேட்டேன். நாட்டுப்பற்று என்பான் என்று நினைத்தேன். "அங்க ஆளுக்கு ஒரு இரும்புப் பெட்டி இருக்குமாமுங்க. மேல நம்ம பேரு எழுதி, பூட்டு போட்டுக்கலாமாமுங்க" என்றான். இங்கே அவன் சாமான் எல்லாம் ஒரு கட்டைப் பையில், தலைக்கடியில். அம்மாவின் போட்டோ ஒரு தடவை மழையில் நனைந்து பாதி போய்விட்டது. நல்லுசாமி கேட்டுக்கொண்டே வந்து, பெட்டி உண்டு, இப்போதைய திட்டத்தில் நாலு வருஷம் வைத்திருப்பார்கள், அப்புறம் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள் என்று விளக்கினான். பூபதி கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினான். பிறகு என் பக்கம் திரும்பினான்: "அப்ப நாலு வருசத்துக்கு என்ற பாய யாருக்கும் குடுத்துறாதீங்க."

இல்லை என்பதற்குச் சான்று

மைதானத்துக்குப் போகும்போது காட்ட வேண்டிய காகிதங்களில் ஒன்று இருப்பிடச் சான்று. அங்கேதான் வண்டி நின்றது. ஆதார் அட்டையில் பழைய குமாரபாளையம் முகவரி. அந்த வீடு இடிந்து, அந்த இடத்தில் தறிக்கூடம் நிற்கிறது. விடுதி முகவரியைக் கொண்டுபோனால், தங்கிப் போகிற இடம் வீடாகாது என்கிறார்கள். நானும் நல்லுசாமியும் பையனும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனோம். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் பூபதி. நானும் நல்லுசாமியும் பேசிக்கொள்வதில்லை என்பதால் எல்லாவற்றையும் பூபதி வழியாகவே சொல்லிக்கொண்டோம்.

நல்லுசாமி தன் மெடல் எல்லாம் சொன்னான். நாட்டுக்கு உயிர் கொடுக்கப் போகிறவனிடம் வீட்டு ரசீது கேட்கிறீர்களே என்றான். அந்த அலுவலர் நல்ல மனுஷர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். யாராவது ஒரு வீட்டுக்காரர் இவனைத் தன் வீட்டில் வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்து, பையன் நிஜமாகவே அங்கே இருந்து, அக்கம்பக்கத்தார் ஆமாம் என்றால், அந்த ஊர் அலுவலர் நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதித் தருவார் என்றார். நாங்கள் எழுந்து போகும்போது வருத்தமாகச் சொன்னார்: "வீடு இல்லைன்னு சான்று கேட்டா இப்பவே தந்துருவனுங்க. வீடு இருக்குன்னு எப்படிங்க தர்றது?"

சுபேதார் வீட்டு நாய்

"என்ற ஊடு இருக்குது. மேல ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்குது" என்று நல்லுசாமி மார்தட்டினான். நாளை வந்து பையனைக் கூட்டிப் போகிறேன் என்றான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பூபதி கட்டைப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மரத்தடியில் பழத்தோலைக் கண்டவன் அல்லவா நான்.

நாலாம் நாள் வந்தான். மீசை கொஞ்சம் இறங்கியிருந்தது. மகனும் மருமகளும் சம்மதிக்கவில்லையாம். முன்பின் தெரியாதவனை எப்படி வீட்டுக்குள் விடுவது என்று கேட்டார்களாம். அந்த ரூம் அவர்கள் வளர்க்கிற வெளிநாட்டு நாய்க்கு என்று ஆகிவிட்டதாம். பூபதி பையை அவிழ்த்து மறுபடியும் பாயின் தலைமாட்டில் வைத்தான். நல்லுசாமி முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்: "நானு அந்த ஊட்ல இன்னும் லீவுல வந்தவனாட்டத்தான்டா இருக்கறேன்."

மூன்றாவது வரி

எனக்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதை நான் விடுதியில் யாரிடமும் சொன்னதில்லை. எருமப்பட்டிப் பக்கம், தம்பியும் நானும் பாதிப் பாதியாக ஆண்டது. மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் தம்பி மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்தது. அழைப்பவர்கள் வரிசையில் முதலில் தம்பி பெயர், இரண்டாவது அவன் மச்சினன் பெயர், மூன்றாவது வரியில் கூடப்பிறந்த அண்ணன் நான். பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், துண்டைத் தோளில் போட்டேன், பஸ் ஏறினேன். அதற்கப்புறம் வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பத்திரிகை இன்னும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் தடவிய மூலைகூட அப்படியே இருக்கிறது.

இதை எப்படியோ மோப்பம் பிடித்தவன் ராசு. முட்டை உரித்துக்கொண்டே கேட்டான், நான் ஆமாம் என்றேன். கதை முழுவதும் சொன்னேன். என் பக்க நியாயம் அவனுக்குப் புரியும் என்று நினைத்தேன். மைதானத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. வாசலில் பூபதி ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ராசு அவனைக் காட்டி என்னிடம் சொன்னான்: "ஏனுங்க, இங்க இருக்கறவன் பூரா குடிச்சுத் தொலச்சான், சீக்குல தொலச்சான். ஒரு வரி கீழ போச்சுன்னு ஊட்டத் தொலச்ச ஆள இப்பத்தானுங்க பாக்கறேன்."

என் பெயரில் அரிசி

மறுநாள் பூபதியைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போதே, உள்ளே போகக் கூடாது, வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். தம்பி களத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அவன் பெண்டாட்டி ஓடி வந்து, "வாங்க மாமா" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கோபத்தோடு தண்ணீர் குடிப்பது கஷ்டம், எனக்குப் புரை ஏறிவிட்டது. பூபதி என் தலையைத் தட்டினான்.

விஷயத்தைச் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டான். பையன் இருக்கட்டும், ஆனால் அண்ணன் இல்லாமல் இவனை மட்டும் வைத்துக்கொண்டால், இவன் யார் என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வது, நீங்களும் கூடவே இருந்தால்தான் எழுதிக் கொடுப்பேன் என்றான். எனக்கு வேலை இருக்கிறது, முடியாது என்றேன். தம்பி அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தான். பத்திரிகையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஆறு வருசமா ரேசன் கார்டுல உங்க பேருக்கு வர்ற அரிசிய நாங்கதானுங்ண்ணா தின்னுட்டு இருக்கறோம். ஒரு பத்து நாளைக்கு நீங்களே வந்து தின்னுபோட்டுப் போங்க."

ஒழுங்கு

விடுதியை யார் பார்ப்பது? நல்லுசாமி தானே வந்து, சாவியைக் கொடு என்று கை நீட்டினான். அவன் கையில் சாவி கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பையனுக்காகக் கொடுத்தேன். பத்து நாளும் ஊரிலிருந்து ராசுவுக்குப் போன் போட்டு விசாரிப்பேன். முதல் நாள், அதிகாலையில் எழுப்பிக் கவாத்து நடத்தினானாம். இரண்டாம் நாள் எழுப்பப் போனால் பாதிப் பேர் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார்களாம். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள், ஓட்டலில் மாவு ஆட்டுகிறவர்கள், பஸ் கழுவுகிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கே வேலைக்குப் போகிறவர்கள்தானே. மூன்றாம் நாளிலிருந்து அவனும் கீழே உட்கார்ந்து முட்டை உரிக்க ஆரம்பித்துவிட்டானாம். நாலாம் நாள் மாரப்பனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவன்தானாம்.

ஊரில் எங்களுக்கும் காரியம் நடந்தது. பூபதி காலையில் ஏரிக்கரையைச் சுற்றி ஓடுவான், பிறகு தம்பியோடு வெங்காயம் அரிவான். ஆறாம் நாள் அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார், அக்கம்பக்கத்தில் கேட்டார். பத்தாம் நாள் சான்று கைக்கு வந்தது. நான் திரும்பி வந்து சாவியை வாங்கியபோது நல்லுசாமியின் ஸ்கேலை எங்கும் காணவில்லை. போர்வைகள் அவரவர் இஷ்டத்துக்குச் சுருண்டு கிடந்தன. டிரஸ்டுக்காரர்கள் வந்து, உங்கள் ஆலோசனை என்ன சுபேதார் என்று கேட்டார்கள். அவன் என் காது கேட்கச் சொன்னான்: "இவிங்க ஒழுங்கெல்லாம் செரியாத்தானுங்க இருக்குது. ஊடு ஒண்ணுதான் இல்ல."

மறுபடியும் பழம்

மைதானத்துக்குப் போகிற அன்று நல்லுசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். பூபதிக்குத் தேவையே இல்லை. ஆறு மாதம் எங்கள் முட்டையைத் தின்றவன், எடைக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் நல்லுசாமி ஒரு பழத்தைப் பிய்த்து அவனிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பிய்த்து என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை. மரத்தடியில் கிடந்த பழத்தோலைப் பற்றி முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லை என்பான் என்று நினைத்தேன். இருந்தது.

அன்று அவன் பையில் இருந்தது ஒரே ஒரு சீப்புக்கான காசாம். எனக்கும் கொடுத்தால் இரண்டு பேருக்குமே எடை பத்தாது என்று பயந்து பொய் சொன்னானாம். என்னிடமும் காசு இருந்ததே, நான் வாங்கப் போனேனே என்றேன். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. உள்ளதைச் சொன்னான்: "நீ ஓட்டத்துல எனக்கு முன்னால வர்றவன்டா. உன்னயப் பாத்து எனக்குப் பயம்." பழத்தை வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை, பசி. பூபதி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நாப்பத்து மூணு வருசத்துக்கு ஒரே ஒரு பழந்தானுங்களா?"

இரண்டாவது வரி

பூபதி தேறிவிட்டான். கூப்பிடுகிற கடிதம் தம்பி வீட்டு முகவரிக்குத்தான் வந்தது. தபால்காரர் வீதியிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்ததாகத் தம்பி போனில் சொன்னான். கிளம்புகிற அன்று சேலத்தில் ரயில் ஏற்றிவிட நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், நல்லுசாமி, ராசு. நல்லுசாமி தன் பழைய இரும்புப் பெட்டியைத் தேய்த்துக் கறுப்பு வர்ணம் அடித்துக் கொண்டுவந்திருந்தான். அங்கே வேறு கொடுப்பார்கள், இருந்தாலும் அதுவரைக்கும் இருக்கட்டும் என்றான். மேலே வெள்ளை எழுத்தில் பூபதி என்று எழுதியிருந்தது. பையன் அதைத் திறந்து அம்மா போட்டோவை வைத்தான், பூட்டினான், இழுத்துப் பார்த்தான். திறந்தான், மறுபடியும் பூட்டினான். ரயில் வருகிறவரைக்கும் அதே வேலையாக இருந்தான்.

ஏறுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். ஏதாவது ஆனால் வீட்டில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்களாம். அவன் எழுதி முடித்துவிட்டிருந்தான். எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, கண் கொஞ்சம் மறைத்தது வேறு. பையனிடம் பத்திரிகைக் கதையைச் சொல்லி வைத்திருந்த ராசு, எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பூபதி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "ஊட்டுக்காரருன்னு தம்பி ஐயா பேர மேல போட்டுட்டனுங்க, உங்க பேரு ரெண்டாவது வரி. கோச்சுக்கிட்டு மறுபடியும் பஸ் ஏறிறாதீங்க சாமி."

வீடு இல்லாதவனைப் பட்டாளம் கரையேற்றுமா என்று உங்களிடம் யாராவது கேட்டால், கட்டாயம் ஏற்றும், ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வீட்டையும் அந்த வீட்டோடு கோபித்துக்கொண்டு போன ஒரு கிழவனையும் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள்.